குச்சிக்கு வாங்கின ஷூ

ஆடி 2, வெள்ளி

காத்து. பள்ளிக்கூடத்து அடுப்பு எரியவே இல்ல, புகை மட்டும். சாம்பார்ல மண்ணு விழுந்திருக்கும். பிள்ளைங்க ஒண்ணும் சொல்லாம தின்னுட்டுப் போயிட்டாங்க. சொல்லாததுதான் சந்தேகமா இருக்கு.

பதினோரு மணிக்கு தபால்காரர். நாத்தனா கொளஞ்சி பேருக்குக் கார்டு. போலீசு வேலைக்கு ஆள் எடுக்கறாங்க, ஆடி 14 புதன் காலையில திருச்சி மைதானத்துக்கு வரணும். ஓட்டம், உயரம் எல்லாம் பாப்பாங்களாம். கார்டுங்கறதால தபால்காரர் படிச்சிட்டுத்தான் குடுத்தாரு.

"ஓடப் போவுதா உங்க நாத்தனா?"

"நீங்க சைக்கிள்ல வாங்க, அவ நடந்து வருவா. யாரு முந்துறான்னு பாப்போம்."

வூட்டுக்காரரு சாயங்காலம் குவாரியிலேர்ந்து வந்து, கை கால் கழுவிட்டு, கார்டை திருப்பித் திருப்பிப் பாத்தாரு. படிக்கத் தெரியாது, ஆனா பாப்பாரு. அப்புறம் சொன்னாரு. "போவட்டும். ஓடிப் பாத்துட்டு வரட்டும். ஓட்டத்துல தேறலன்னா ஆவணியில பூலாம்பாடி ஆளுக்கு அறுத்துக் கட்டி மறு கல்யாணம் முடிச்சிட வேண்டியதுதான். அதுக்கு மேல பேச்சு இல்ல."

கொளஞ்சி உள்ள ஒலையப் பாத்துகிட்டே "சரிண்ணே"ன்னா. ஒரே சொல்லு. ஒலை பொங்கி வழிஞ்சுது, அவ பாக்கல.

பூலாம்பாடி ஆளு வெங்காய வேபாரம். வயசு என் வயசு இருக்கும், நாப்பத்தஞ்சு. சித்திரையில பொண்ணு பாக்க வந்தவன் கொளஞ்சிகிட்ட கேட்டது ஒரே கேள்வி. "ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை வெங்காயம் தாள் அறுப்பே?" அன்னிலேர்ந்து நான் அவனுக்கு வெச்ச பேரு மூட்டை.

கொளஞ்சிக்கு இருவத்தி ஆறு. புருசன் போயி மூணு வருசம். பத்தாவது வரைக்கும் படிச்சவ. படிச்ச காலத்துல ஓட்டத்துல சோப்பு டப்பா, எவர்சில்வர் தட்டு எல்லாம் வாங்கிருக்கா. தட்டுல இன்னிக்கும் நான்தான் சாப்புடறேன்.

காயிதம்: சத்துணவு அமைப்பாளர் கிழிச்சுப் போடற காலண்டர் தாளு. பின்பக்கம் வெள்ளை. முன்பக்கம் என் ராசிக்கு: கவலை. அது போன வருசத்து தாளு. இருந்தாலும் சரியாத்தான் இருக்கு.


ஆடி 3, சனி

காத்து. கண்ணுல தூசி. வெத்தலை தீந்துட்டுது, ஓசி வாங்கினது நாலு.

டிரில் வாத்தியார் (இனிமே டி.வா., தாளு சின்னது) சமையக்கட்டு வாசல்ல வந்து நின்னாரு. மனு போட்டதுலேர்ந்து கொளஞ்சிக்கு ஓட்டம் பழக்கறவரு. கொளஞ்சிக்கு ஷூ வாங்கணுமாம். குவாரியில கல்லு பொறுக்குறப்ப அவ உள்ளங்காலை வெட்டின காயம் இன்னும் முழுசா ஆறல. வெறுங்காலோட ஓடி ஓடி மறுபடி பொளந்துட்டுது. திருச்சி மைதானத்துல ஜல்லி கெடக்குமாம்.

"என்ன மாதிரி வாங்கறது சார்?"

"கையில எடுத்து வளைச்சுப் பாருங்க. வெரல் மடியிற எடத்துல மடியணும், நடுவுல மடிஞ்சா வேணாம். கனம் கூடாது. நாடா வெச்சதா இருக்கணும். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பாய் கடையில கெடைக்கும்."

அரியலூர்ல கடை இல்லையா. எதுக்குக் குறிப்பா அந்தக் கடை. கமிசன் இருக்கும். கேட்டுட்டேன்.

"சார், பாய் உங்களுக்கு ஒரு ஜோடி எனாமா தராரா?"

டி.வா. முகம் செவந்துட்டுது. செவந்தது கோவமா, மாட்டிகிட்டதான்னு தெரியல.

நாளைக்கு ரஞ்சன்குடியில தம்பி வூட்டுல கெடா வெட்டு, நான் போறேன். பெரம்பலூர் வழியாத்தான் போவணும். திரும்பி வரப்ப வாங்கிக்கலாம். கொளஞ்சியையும் கூப்புட்டேன்.

"நான் வரல அண்ணி. ஞாயித்துக்கிழமைதான் மைதானம் காலியா இருக்கும். அங்க வந்தா ஆளாளுக்கு ஒரு கேள்வி கேப்பாங்க."

அதுவும் சரி. அதனால அளவு எடுத்தோம், செருப்புக்கு எடுக்கற மாதிரியே. சுவத்தோட குதிகாலை ஒட்டி நிக்க வெச்சு, வெளக்கமாத்துலேர்ந்து நல்ல ஈர்க்கா ஒண்ணு உருவி, குதியிலேர்ந்து கட்டை வெரல் நுனி வரைக்கும் வெச்சு, ரெண்டு பக்கமும் அருவாமணையில நறுக்கி எடுத்தேன். வெரல்ல கிச்சுக்கிச்சு மூட்டினேன். "அண்ணி, அளவு தப்பிரும்"னு காலை இழுத்துகிட்டா. சிரிச்சா. கார்டு வந்தப்புறம் இதுதான் முதல் சிரிப்பு.

ஈர்க்கு என் சுருக்குப்பையில, வெத்தலையோட.


ஆடி 4, ஞாயிறு

கெடா நல்ல கெடா. தம்பி பொண்டாட்டி எனக்கு எலும்பாப் போட்டா. பக்கத்து எலையில தொடைக்கறி. பாத்து வெச்சிருக்கேன்.

"என்னா மதினி, சாப்பிடலையா?"

"தேடிகிட்டு இருக்கேன் தாயி. கறி எந்தப் பக்கம் ஒளிஞ்சிருக்குன்னு."

தாம்பூலம் நல்ல கொழுந்து. ரெண்டு தரம் போட்டேன். மூணு மணி பஸ்சு. கண்டக்டர் மீதிச் சில்லறை தர மறந்த மாதிரி நடிச்சான், விடல. பல்லு இடுக்குல கறி நாரு, பாக்கு வேற. பையில ஒரு குச்சி கெடைச்சுது, நுனியை ஒடிச்சு ஒடிச்சுக் குத்திகிட்டே வந்தேன். பக்கத்துல ஒரு அம்மா தலை வலிக்குதுன்னு என் தோள்ல சாஞ்சுட்டா. பையை இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன். யாரைத்தான் நம்பறது.

பெரம்பலூர் பாய் கடை. பாய் ஒல்லி, வெள்ளைத் தாடி, மூக்குல கண்ணாடி.

"ஓடற ஷூ வேணும்."

மேலேர்ந்து கீழ பாத்தாரு. "யாருக்கும்மா?"

"எனக்குத்தான். பஸ்சு பின்னாடி ஓடி ஓடிப் பழக்கம்."

சிரிக்கல. சிரிக்காத கடைக்காரனை நம்பக் கூடாது.

மூணு எடுத்து வெச்சாரு.

ஒண்ணு, வெள்ளைக் கேன்வாசு. அடி மெல்லிசு, ஜல்லி குத்தும்.
ரெண்டு, கறுப்புத் தோலு. ஆபீசருக்கு. தட்டிப் பாத்தா கதவைத் தட்டற சத்தம்.
மூணு, நீலக் கேன்வாசு. அடி கெட்டி ரப்பரு. வளைச்சேன், வெரல் எடத்துல மடிஞ்சுது. கனமில்ல. நாடா வெள்ளை.

மூணாவதுதான் பாய் முதல்லயே என் பக்கம் தள்ளி வெச்சது. அதனாலேயே மத்த ரெண்டையும் ரொம்ப நேரம் பாத்தேன். மோந்தும் பாத்தேன். கடைசியில அதையே எடுத்தேன்.

ஈர்க்கைக் குடுத்தேன். கையில வாங்கிட்டு, "யா அல்லா"ன்னாரு. "நீங்க காலுக்கு வாங்கறீங்களா, குச்சிக்கு வாங்கறீங்களா?"

"கால் வூட்டுல இருக்கு பாய்."

"செருப்புன்னா பரவால்ல. ஓடற ஷூவுக்கு ஆளு வரணும்மா. அதுவும் சாயங்காலமா வரணும், அப்பத்தான் கால் கொஞ்சம் உப்பி இருக்கும். நீங்க சொல்ற அளவுக்கு அஞ்சாம் நம்பர். வெரலுக்கு முன்னாடி கட்டை வெரல் அகலத்துக்கு எடம் விடணும். ஆறு எடுத்துக்குங்க."

ஆறாம் நம்பர் பொட்டி மேல தூசி. ரொம்ப நாளா விக்காம கெடக்கு போல. எந்தலையில கட்டப் பாக்கறாரு. லொடலொடன்னு இருந்தா எப்படி ஓடறதாம். ஈர்க்கை ஷூவுக்குள்ள விட்டுப் பாத்தேன். அஞ்சுல அப்படியே அளவெடுத்த மாதிரி நின்னுச்சு.

"அஞ்சே குடுங்க."

"உங்க இஷ்டம்மா." பெருமூச்சு விட்டாரு. ஏன் விட்டாரு.

பஸ்சுல மடியில பொட்டி. வழியெல்லாம் தொறந்து தொறந்து மோந்து பாத்தேன். புது ரப்பரு வாசனை. இந்த வயசுக்கு என் காலுக்கே அப்படி ஒண்ணு வாங்கினது இல்ல. வூட்டுக்குள்ள நுழையறப்பவே சிரிப்பு. கொளஞ்சி ரெண்டு கையாலயும் வாங்கினா.


ஆடி 5, திங்கள்

முட்டை போடற நாள் இல்ல. ஆனாலும் எட்டு பிள்ளைங்க முட்டை கேட்டாச்சு.

விடியக்காலம் கொளஞ்சி ஷூ போட்டு ஓடினா. நான் அடுப்புக்கு விறகு தூக்கற சாக்குல பாத்தேன். நொண்டற மாதிரி இருந்துச்சு.

"கடிக்குதா?"

"புதுசுல்ல அண்ணி. சரியாயிரும்."

புதுச் செருப்பு கடிக்கத்தான் செய்யும். குதிகாலுக்குத் தேங்காண்ணெய் தடவி விட்டேன். ஷூவுக்குள்ளயும் தடவினேன்.

டி.வா. "எந்தக் கடையில வாங்கினீங்க?"ன்னு கேட்டாரு. மத்தியானம் மறுபடி கேட்டாரு. கேட்டதையே ரெண்டு தரம் எதுக்குக் கேக்கணும்.


ஆடி 7, புதன்

காத்து கொறைஞ்சுது. கொளஞ்சி வேகமும்.

டி.வா. விசிலு ஊதி, கையில கெடியாரம் புடிச்சு, நோட்டுல எழுதறாரு. எழுதி முடிச்சதும் நோட்டை மூடிடறாரு. அவரு சோத்துக்கு வந்தப்ப நோட்டு பெஞ்சு மேல கெடந்துச்சு. தொறந்துட்டேன். வெறும் நிமிசமும் செகண்டும். போன வாரம் வெறுங்காலோட ஓடினதை விட இந்த வாரம் அதிகம். ஷூ போட்டா கொறையணும்தானே.

பாய் அளவு மாத்திக் குடுத்துட்டாரோ. பொட்டியில அஞ்சுன்னு போட்டு உள்ள நாலை வெச்சிருப்பாரோ.

ஷூ அடியைப் பாத்தேன். அஞ்சுன்னுதான் இருக்கு. எழுத்தை அச்சுல மாத்த எவ்வளவு நேரம் ஆவும்.


ஆடி 8, வியாழன்

கொளஞ்சி கட்டை வெரல் நகம் நீலமா இருக்கு. மறைச்சா. பாத்துட்டேன்.

"நகத்துக்கு எப்ப மை வெச்சே?"

"கல்லுல இடிச்சுகிட்டேன்."

எந்தக் கல்லு. மூணு நாளா குவாரிக்குப் போவல அவ.

சந்தேகப் பட்டியல்:

1. பாய். பழைய சரக்கு. வெச்சு வெச்சு சுருங்கியிருக்கும்.
2. டி.வா. பாய்க்கு ஆளு சேத்து விடறவரு.
3. பஸ்சுல தோள்ல சாஞ்ச அம்மா. பொட்டியை மாத்தியிருக்கலாம். (அப்ப நான் ஷூவே வாங்கல. அடிச்சுட்டேன்.)
4. தம்பி பொண்டாட்டி. எலும்பு போட்டவ எதுவும் செய்வா. (இதுவும் வாங்கறதுக்கு முன்னாடி. ஆனா அடிக்கல.)
5. எங்க வூட்டுக்காரரு. ஷூவை ராத்திரி தண்ணியில நனைச்சிருப்பாரோ. தங்கச்சி போலீசாவறது புடிக்கல. நேத்து ஷூவை எடுத்து வெச்சுப் பாத்துகிட்டே இருந்தாரு. "என்னா?"ன்னேன். "லாடம் மாதிரி இருக்கு"ன்னாரு.


ஆடி 10, சனி

முன்பக்கம் என் ராசிக்கு: நட்பு. சரியா இல்ல.

இன்னிக்கு ஒரு தப்பு பண்ணிட்டேன். எழுதியே ஆவணும்.

பூலாம்பாடி ஆளு காலையில வந்தான். கையில ரெண்டு கிலோ வெங்காயம், மஞ்சப்பையில. வூட்டுக்காரரு பாயி விரிச்சாரு. "ஆவணியில நாளு பாக்கட்டுமா?"ன்னான் மூட்டை. "புதன்கிழமை போவட்டும்"னாரு இவரு. எனக்கு அந்தப் பதில் புடிச்சுது, சொல்லிக்கல. கொளஞ்சி தண்ணி கொண்டாந்து குடுத்தா. குடுத்தப்ப சிரிச்ச மாதிரி இருந்துச்சு.

சாயங்காலம் மைதானத்துல அவ ஓடினது மாடு நடக்கறது போல. பாதியில நின்னுட்டா. டி.வா. நோட்டுல ஒண்ணும் எழுதல, மூடிட்டாரு. எனக்கு என்னமோ ஏறிட்டுது. கேலி மாதிரிதான் சொன்னேன், எப்பவும் சொல்ற மாதிரி.

"என்னாடி, காலு திருச்சிக்குப் போவ மாட்டேங்குது, பூலாம்பாடிக்கு இழுக்குதோ? வெங்காயத்து மேல மனசு வந்துருச்சுன்னா சொல்லிடு. ஷூவை நான் போட்டுக்கறேன்."

கொளஞ்சி என்னைப் பாத்தா. ஷூவைக் கழட்டி கையில எடுத்துகிட்டு வெறுங்காலோட நடந்து போயிட்டா. காயத்துலேர்ந்து ரத்தம், மண்ணுல புள்ளிப் புள்ளியா. நான் அடுப்புச் சாம்பலை அள்ளிகிட்டு நின்னேன்.

சோறு போட்டா. குழம்பு ஊத்தினா. அண்ணின்னு கூப்புடல.

பட்டியல்ல 6 எழுதினேன்: கொளஞ்சி. வேணும்னேதான் மெதுவா ஓடறாளோ. எழுதி அடிச்சுட்டு மறுபடி எழுதினேன். தாளு ஓட்டையாயிட்டுது.


ஆடி 11, ஞாயிறு

காலையில முதல் பஸ்சுக்கே பெரம்பலூர். ஷூ பொட்டி, சாட்சிக்கு ஈர்க்கு. ஒரு பொழுதுக்குள்ள பாயை உண்டு இல்லன்னு ஆக்கிட்டு வரணும்னு போனேன்.

கடையில நாலு பேரு இருந்தாங்க. நல்லதாப் போச்சுன்னு ஆரம்பிச்சேன்.

"பாய், இதுக்குப் பேரு அஞ்சாம் நம்பரா? என் நாத்தனா நகம் செத்துப் போச்சு. அளவு குடுத்தும் ஏமாத்திப்புட்டீங்களே."

"உக்காருங்கம்மா. தண்ணி குடிங்க."

"தண்ணி எங்க ஊருல இருக்கு."

பாய் ஈர்க்கை வாங்கி ஷூவுக்குள்ள விட்டாரு. அப்படியே நின்னுச்சு. நாலு பேரும் எட்டிப் பாத்தாங்க. "அளவு சரியாத்தானேம்மா இருக்கு?"ன்னு ஒருத்தன்.

பாய் ஈர்க்கை வெளிய எடுத்து கண்ணாடிகிட்ட கொண்டு போயி ரெண்டு முனையையும் பாத்தாரு. விரலால தடவினாரு. அப்புறம் என் வாயைப் பாத்தாரு. மறுபடி ஈர்க்கைப் பாத்தாரு. தாடிக்குள்ள ஒரு சிரிப்பு.

"என்ன பாய் சிரிக்கறீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா. இந்தக் குச்சி ஒரு பக்கம் கத்தியில நறுக்கினது. இன்னொரு பக்கம் அப்படி இல்ல. வூட்டுக்குப் போயி நிதானமா பாருங்க. நான் வாயைத் தொறந்து சொல்லல."

"அப்ப நான்தான் பொய்யா?"

"அல்லா பேருல சொல்றேன், நான் அப்படிச் சொல்லவே இல்ல. ஓடின ஷூவை மாத்தித் தர முடியாது. ஆறாம் நம்பரும் முந்தாநாளு போயிட்டுது. ஒரு வழி சொல்றேன். வெரலு மேல இருக்கற துணியை பிளேடால வெட்டி எடுத்துருங்க. அடி ரப்பரு அப்படியே இருக்கட்டும். வெட்டின எடத்தைச் சுத்தித் தையலு போடுங்க. இன்ஷா அல்லா, ஓடிரும் உங்க பொண்ணு."

வெட்டிட்டா அப்புறம் சண்டைக்கும் வர முடியாது. அதுக்குத்தான் சொல்றாரு. பொட்டியை வாங்கிட்டு வந்துட்டேன். என் வாயை எதுக்குப் பாத்தாரு. வெத்தலைக் கறை புடிச்ச வாயில என்ன இருக்கு. பஸ்சுல முந்தானையை வாயில வெச்சுகிட்டே வந்தேன்.

வந்தா கொளஞ்சி துணி துவைச்சுகிட்டு இருந்தா. என்னைப் பாத்ததும் பக்கெட்டோட அந்தப் பக்கம் திரும்பிகிட்டா.


ஆடி 12, திங்கள்

மழை நாலு தூத்தல். விறகு நனைஞ்சுது.

மத்தியானம் பாத்திரம் கழுவினப்புறம் பாய் சொன்னது போல ஈர்க்கை வெயில்ல வெச்சுப் பாத்தேன். ஒரு முனை நேரா, வழவழன்னு. இன்னொரு முனை பிஞ்சு, நாரு நாரா, செவப்பா.

செவப்பு.

டப்பாவுல கெடந்த தாளை எல்லாம் எடுத்து முதல்லேர்ந்து படிச்சேன். பாய் மேல குத்தம் எங்க இருக்குன்னு பாக்கத்தான். ஆடி 4க்கு வந்தேன். கறி நாரு. பாக்கு. பையில ஒரு குச்சி கெடைச்சுது, நுனியை ஒடிச்சு ஒடிச்சு.

என் எழுத்துதான். கோணலா, தூக்கக் கலக்கத்துல எழுதினது.

அந்தப் பையில அன்னிக்கு ஒரே ஒரு குச்சிதான் இருந்துச்சு.

ரெண்டு நெல்லு நீளம் போயிருக்கும். அதுக்கு மேல, எடம் விடச் சொன்ன மனுசனையும் நம்பல. சமையக்கட்டுல யாரும் இல்ல. நல்லவேளை.

பட்டியலை எடுத்தேன். பாய், டி.வா., தம்பி பொண்டாட்டி, வூட்டுக்காரரு எல்லாத்தையும் அடிச்சேன். ஓட்டை விழுந்த எடத்துல கொளஞ்சி பேரு இருந்துச்சு, அதை அடிக்க எடமில்ல. கீழ ஒரு பேரு எழுதினேன். என் பேரை இப்பத்தான் பல வருசம் கழிச்சு முழுசா எழுதறேன். ராசாத்தி.

சாயங்காலம். கொளஞ்சி அரிசி பொடைச்சுகிட்டு இருந்தா. பக்கத்துல உக்காந்தேன். வழக்கமா எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பேன். ஈர்க்கை மொறத்துல போட்டேன்.

"நான்தான்டி. பஸ்சுல பல்லு குத்தினேன்."

பொடைக்கறதை நிறுத்தல. "தெரியும் அண்ணி."

"எப்ப தெரியும்?"

"ஷூ வந்த அன்னிக்கே. உங்களுக்கு வெத்தலை எடுக்கப் பையில கைய விட்டேன். குச்சி மொனை செவப்பா இருந்துச்சு. காலுல வெச்சுப் பாத்தேன். பத்தல."

"ஏன்டி சொல்லல? எட்டு நாளு, நகம் செத்து…"

மொறத்தைக் கீழ வெச்சா. "நீங்க அன்னிக்கு சிரிச்சுகிட்டே வந்தீங்க. எனக்குன்னு ஒருத்தர் கடைக்குப் போயி ஒண்ணு வாங்கிட்டு வந்து எவ்வளவு நாளாச்சு. போட்டுப் போட்டு இளகிரும்னு நெனைச்சேன்."

"முந்தாநாளு நான் அப்படிப் பேசினப்பவாவது சொல்லிருக்கலாம்ல."

"அப்ப கோவம். நீங்களா கண்டுபுடிக்கட்டும்னு வுட்டுட்டேன்."

"கண்டுபுடிக்கலன்னா?"

"பூலாம்பாடிக்கு உங்களையும் சேத்துதான் கூட்டிட்டுப் போவேன். தாள் அறுக்க ஆளு வேணும்ல."

ஒரு மூச்சு வந்துச்சு எனக்கு. ஷூவை எடுத்தேன். வூட்டுக்காரரு சவர பிளேடு. வெரலு மேல துணியை வளைச்சு வெட்டினேன். ரப்பருல படாம வெட்டணும். வெட்டின ஓரத்துல கோணி ஊசியால நெருக்கித் தையலு. போட்டுப் பாத்தா. அஞ்சு வெரலும் ஜன்னல்ல எட்டிப் பாக்கற மாதிரி வெளிய. அசைச்சா. நீல நகம் மட்டும் அசையல.

வூட்டுக்காரரு வந்து பாத்தாரு. "பிளேடு எங்க?"ன்னாரு. சொன்னேன். தாடியைத் தடவிகிட்டுப் போயிட்டாரு. இன்னிக்கு அதையும் சந்தேகப்படல.


ஆடி 13, செவ்வாய்

காலையில ஓடினா. நொண்டல. காயத்துக்குத் துணி சுத்தி, அதுக்கு மேல ஷூ.

டி.வா. குனிஞ்சு பாத்தாரு. "இது என்ன ஷூ?"

"மெட்ராசுல புது மாடலு சார். காத்து வரட்டும்னு முன்னாடி தொறந்தே வெச்சிருக்காங்க."

கெடியாரத்தைப் பாத்தாரு, நோட்டுல எழுதினாரு. இந்தத் தடவை மூடாம என்கிட்ட நீட்டினாரு. வெறுங்கால் கணக்கை விடக் கொறைச்சல். அன்னிக்கு நோட்டைத் தொறந்து பாத்தது தெரிஞ்சிருக்கும் போல. கமிசன்னு கேட்டதுக்கு மன்னிப்பு கேக்கலாம்னு வாயைத் தொறந்தேன். "சார், நாளைக்கு உங்களுக்கு முட்டை ரெண்டு"ன்னுதான் வந்துச்சு.

நாளைக்கு எடுத்துட்டுப் போவ வேண்டியது: கார்டு. பத்தாவது சர்ட்டிபிகேட்டு. புருசன் செத்த சர்ட்டிபிகேட்டு. ஷூ. துணிச் சுத்து, தேங்காண்ணெய். புளிச்சோறு. தண்ணி. வெத்தலை (நான்).

ஈர்க்கு வேணாம்.


ஆடி 14, புதன்

நாலரை பஸ்சு. வெயில்ல மைதானம் பளபளன்னு. வாசல்லயே எங்களை நிறுத்திட்டாங்க. உள்ள பொண்ணுங்க வரிசையா. சொவத்துக்கு வெளிய அம்மாக்காரிங்க, அக்காக்காரிங்க. நான் ஒருத்திதான் அண்ணி. ஒரு அம்மா சொன்னா, "எம்பொண்ணு ஷூ வெளிநாட்டுது." நான் சொன்னேன், "எம்பொண்ணுது வெங்காய நாட்டுது." அவளுக்குப் புரியல.

சொவத்து ஓட்டையில ஒரு கண்ணை வெச்சுப் பாத்தேன். ஒருத்தியை விட ஒருத்தி உயரம். கொளஞ்சி காலை எல்லாரும் பாத்தாங்க, ஒருத்தி கைகாட்டிச் சிரிச்சா. விசிலு. தூசி. யாரு யாருன்னு தெரியல. நீலம் மட்டும் தெரிஞ்சுது, முன்னாடி ஒரு நீலம், அப்புறம் அதுவும் தெரியல, கண்ணுல மண்ணு.

ரொம்ப நேரம். புளிச்சோறு பிரிக்கவே இல்ல.

மத்தியானம் ஓட்டத்துல தேறினவங்க பேரு வாசிச்சாங்க. வாசிச்சவரு பேரை முழுங்கி முழுங்கி வாசிச்சாரு. கொளஞ்சின்னு கேட்ட மாதிரி இருந்துச்சு. நம்பல. அவ வெளிய வந்து, ஷூவை கையில புடிச்சுகிட்டு, "அண்ணி, கூப்புட்டாங்க"ன்னப்புறமும் நம்பல. பக்கத்து அம்மாவைக் கேட்டேன். உள்ள நின்ன போலீசுக்காரம்மாவைக் கேட்டேன். "ஆமாம்மா, டாக்டர் பாக்கறதுக்குக் கார்டு வரும், போங்க"ன்னாங்க. அப்புறந்தான் புளிச்சோறு.

கொளஞ்சி ரெண்டு காலுலயும் ரத்தம் இல்ல. மண்ணு மட்டும்.

பஸ்சுல ஜன்னலோரம் அவ. மூட்டைக்கு என்ன சொல்லி அனுப்பறதுன்னு யோசிச்சுகிட்டே வெத்தலை போட்டேன். வூட்டுக்காரரே சொல்லட்டும், அவருதானே பாயி விரிச்சாரு. கீழப்பழுவூர் தாண்டறப்ப பல்லு இடுக்குல பாக்கு. பையில கைய விட்டேன். சட்டுன்னு எடுத்துட்டேன்.

கொளஞ்சி பாத்துகிட்டே இருந்திருக்கா. கொண்டையிலேர்ந்து ஊசியை உருவி நீட்டினா.

"குத்திக்குங்க அண்ணி. இதுல யாரு அளவும் இல்ல."